பழைய வீட்டைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனீங்க?

அன்பான மாணவ மாணவியரே, சொந்தபந்தங்களே,

இது நீளமான பதிவு. நாற்பது நிமிட வகுப்பில் என் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். இதற்கு ஒரு பதினைந்து நிமிடம் உட்காரலாம், தப்பில்லை.

போன மே மாதம் மகளும் மருமகனும் என்னைக் கிரீஸ் நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். படங்களை இங்கே போட்டிருந்தேன். ஏதென்ஸ் குன்றின் மேல் நான் நிற்கும் படத்துக்கு ஏகப்பட்ட இதயங்கள் வந்தன. சந்தோஷம். ஆனால் ஹைட்ரா தீவில் ஒரு பழைய மாளிகைக்குள் எடுத்த படங்களுக்கு வந்தது வேறு. என் அண்ணன் மகன் எழுதினான்: "அத்தை, பழைய வீட்டைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனீங்க? அந்த நேரத்துக்கு ஒரு நல்ல பீச்சுக்குப் போயிருக்கலாமே." அதற்குக் கீழே பதினேழு பேர் சிரித்திருக்கிறார்கள். பதினேழு பேரும் யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அது போகட்டும். அவன் விளையாட்டாகச் சொன்னான். என்னைத் தூங்க விடாதது இன்னொரு செய்தி. என்னிடம் படித்து இப்போது ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் தனியாக எழுதியிருந்தாள். அவள் பள்ளியில் இந்த வருடம் சுற்றுலாவுக்கு இடம் தேர்ந்தெடுக்கிறார்கள். இவள் பத்மநாபபுரம் அரண்மனை என்றிருக்கிறாள். பெற்றோரும் மற்ற ஆசிரியர்களும் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா என்கிறார்கள். மியூசியம் என்றால் பிள்ளைகளுக்குப் பிடிக்காது, காசு வீண் என்கிறார்கள். கடைசியில் அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: "தப்பா நினைக்காதீங்க டீச்சர், நீங்க எங்களைக் கூட்டிட்டுப் போனப்ப எங்களுக்கே போரடிச்சுது. அதான் நானும் யோசிக்கேன்."

இந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. அண்ணன் மகனோடு சண்டை போடப் போகிறேன். அவள் சொன்னதற்கு என்ன பதில் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஹைட்ரா என்ன இடம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஏதென்ஸ் பக்கத்தில் பிரேயுஸ் துறைமுகத்தில் விரைவுப் படகு ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாம் ஹைட்ரா என்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் 'ஈத்ரா' என்கிறார்கள். பெயரைக் கேட்டால் தண்ணீர் ஞாபகம் வரும். ஆனால் தீவு மொட்டைப் பாறை. வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டிப் பிழைத்த ஊர். கார், மோட்டார் சைக்கிள் எதுவும் ஓடக் கூடாது என்பது சட்டம். குப்பை வண்டி மாதிரி ஒன்றிரண்டுக்குத்தான் விலக்கு. மற்ற எல்லாம் கோவேறு கழுதை முதுகில்தான். நான் பார்த்தபோது ஒரு கழுதை மேல் சிமெண்டு மூட்டையும் பின்னால் வந்ததின் மேல் ஒரு வெள்ளைக்காரரின் நான்கு பெட்டிகளும் போய்க்கொண்டிருந்தன. கழுதைக்கு இரண்டும் ஒன்றுதான்.

நாங்கள் போனது ஒரு நாள் சுற்றுலாக் கப்பலில். ஒரே நாளில் மூன்று தீவு. ஹைட்ராவுக்கு ஒன்றரை மணி நேரம். வழிகாட்டிப் பெண் கையை நீட்டி, "இதோ நகைக்கடை, இதோ ஐஸ்கிரீம், அதோ மேலே ஒரு மியூசியம், படி அதிகம், நேரம் போதாது" என்று சொல்லிவிட்டாள். கூட வந்த அறுபது எழுபது பேரும் நகைக்கடைப் பக்கம் திரும்பினார்கள். என் மருமகன் நல்ல பிள்ளை, துறைமுகத்திலேயே காபிக்கடையில் உட்கார்ந்துவிட்டார். "அத்தை, முட்டிவலி வேற, எதுக்கு? நெட்ல படம் எல்லாம் இருக்கு" என்றார்.

நானும் மகளும் ஏறினோம். துறைமுகத்தின் மேற்குப் பக்கம், காவி கலந்த மஞ்சள் நிறத்தில் தனியாகத் தெரியும் பெரிய வீடு அது. லாசரோஸ் குந்துரியோட்டிஸ் என்ற கப்பல் முதலாளியின் வீடு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. அந்தக் குடும்பத்து வாரிசு ஒருவர் 1979இல் அதை ஒரு சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். 1882இல் தொடங்கிய வரலாற்றுச் சங்கம் அது. ஏதென்ஸில் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் தேசிய வரலாற்று அருங்காட்சியகம் நடத்துவதும் அவர்கள்தான். பழுதுபார்த்து இப்போது மக்கள் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். அறைகளில் அந்தக் குடும்பத்தின் நாற்காலி மேசைகள், ஓவியங்கள், பெண்களின் பூவேலை செய்த உடைகள், நகைகள், பீங்கான்கள். கீழ்த்தளத்தில் தந்தையும் மகனுமான இரண்டு கிரேக்க ஓவியர்களின் படங்கள்.

அவ்வளவுதான். அண்ணன் மகன் சொன்னது மாதிரி, பழைய வீடு.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

'நெட்ல படம் இருக்கு' என்கிறீர்களே, அந்தப் படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். படி ஏறும்போது நின்று நின்று மூச்சு வாங்கினேன். எதற்கடா இந்த மனிதன் இவ்வளவு உயரத்தில் வீடு கட்டினான், காசு இருக்கிறதே, துறைமுகத்திலேயே கட்டியிருக்கலாமே என்று எரிச்சலாக இருந்தது. மேலே போய் சன்னல் பக்கம் நின்றதும் புரிந்துவிட்டது. முழுத் துறைமுகமும் உள்ளங்கை மாதிரி தெரிகிறது. அதற்கப்பால் கடல். எந்தக் கப்பல் உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது, எது வர வேண்டிய நாளில் வரவில்லை, எல்லாம் தெரியும். நம் ஊரில் வயற்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் களத்துமேடு தெரிய வேண்டும் என்று கட்டுவார்களே, அதே கணக்கு. அந்த வீடு அழகுக்காக மேலே ஏறியதில்லை, வியாபாரத்துக்காக ஏறியது. இதைப் படம் சொல்லாது. என் முட்டி சொன்னது.

வியாபாரம் என்ன? ஏழாம் வகுப்பில் நான் நெப்போலியன் என்று ஒரு பாராவில் சொல்லிவிட்டுப் போன பாடம் இங்கேதான் சரியாகப் பிடிபட்டது. அப்போது கிரேக்கர்கள் துருக்கி ஒட்டோமான் ஆட்சியின் கீழே. ரஷ்யாவும் துருக்கியும் 1774இல் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு கிரேக்கக் கப்பல்கள் ரஷ்யக் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு கருங்கடலுக்குள் போய் கோதுமை ஏற்றிவர வழி பிறந்தது. பிறகு நெப்போலியன் யுத்தம். பிரிட்டிஷ் கடற்படை கடலை மறித்து நிற்கிறது. பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் தானியத்துக்குத் தட்டுப்பாடு. மறியலுக்குள் நுழைந்து கோதுமையைக் கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்குக் கொள்ளை லாபம். இந்த மொட்டைப் பாறைக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். பசியில் கிடந்த ஊர்களுக்கு விற்ற கோதுமைதான் இந்த மாளிகைகளின் செங்கலும் சுண்ணாம்பும்.

அந்தக் கப்பல்களில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. மாலுமிக்கும் லாபத்தில் பங்கு உண்டு. அதனால் உயிரைக் கொடுத்து ஓட்டினார்கள். அதே வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1815இல் யுத்தம் முடிந்தது. தானிய விலை விழுந்தது. லாபம் இல்லை என்றால் பங்கும் இல்லை. முதலாளி வீட்டுப் பெட்டியில் பழைய பொன் இருக்கும். மாலுமி வீட்டில் அடுப்பு எரியாது.

இந்த இடத்தில்தான் என் அண்ணன் மகனை விடக் கெட்டிக்காரர்கள் சிலர் வேறொரு கேள்வி கேட்பார்கள். என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியர் கேட்டேவிட்டார்: "டீச்சர், இதெல்லாம் பணக்காரன் வீட்டுப் பெருமைதானே? ராஜா வீடு, ஜமீன் வீடு, கப்பல்காரன் வீடு. அதைப் போய்ப் பார்த்து வாயைப் பிளந்துட்டு வர்றதுக்குப் பேர் வரலாறா?" நியாயமான கேள்வி. தோழர் கேட்டதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரு கதை சொல்கிறேன்.

லாசரோஸ் குந்துரியோட்டிஸ் 1769இல் பிறந்து 1852இல் இறந்தவர். 1821இல் தொடங்கிய கிரேக்க விடுதலைப் போருக்குத் தன் சொத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தவர். ஹைட்ரா தீவு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை அந்தப் போருக்கு அனுப்பியது. அவர் தம்பி அரசாங்கத் தலைவராக இருந்தார். அந்தத் தம்பியின் பேரன் 1924இல் கிரீஸ் மன்னராட்சியை விட்டுக் குடியரசானபோது அதன் முதல் தலைவர். பெரிய குடும்பம். பெரிய மனது. அந்த மாளிகையில் நிற்கும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். கண்கூடக் கலங்கியது. உள்ளதை எல்லாம் நாட்டுக்குக் கொடுத்தவன் வீடு என்று மகளிடம் சொன்னேன்.

மகள் வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படித்தேன். அப்போதுதான் இன்னொரு பெயர் வந்தது. அந்தோனிஸ் இக்கோனோமு. அவரும் ஹைட்ராக்காரர். கப்பல் தலைவர்தான், ஆனால் முதல் வரிசைக் குடும்பம் கிடையாது. 1821இல் நிலப்பகுதியில் கலகம் தொடங்கிவிட்டது. ஹைட்ராவின் பெரிய குடும்பங்கள் தயங்கி நின்றன. தயங்காமல் என்ன செய்வார்கள்? கப்பல், பொன், வீடு எல்லாம் போய்விடுமே. இந்த இக்கோனோமு வேலையில்லாமல் துறைமுகத்தில் சுற்றிக்கொண்டிருந்த மாலுமிகளைத் திரட்டினார். ஊர் நிர்வாகத்தைக் கைப்பற்றினார். பெரிய குடும்பங்களின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, பணத்தையும் கப்பலையும் போருக்கு இறக்க வைத்தார். சில வாரங்களில் அதே பெரிய குடும்பங்கள் அவரைப் பதவியிலிருந்து தள்ளின. அந்த வருடம் முடிவதற்குள் ஆர்கோஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் அவர் கொல்லப்பட்டார்.

நான் பார்த்த அறைகளில் அவர் முகம் என் கண்ணில் படவில்லை. அது அவர் வீடு இல்லையே.

இப்போது சொல்லுங்கள். கொடுத்தவர் பெரியவரா? ஆமாம், கொடுத்தார், அது உண்மை. கொடுக்க வைத்தவர் யார்? அதுவும் உண்மை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 'பணக்காரன் வீடு, போக மாட்டேன்' என்று துறைமுகத்திலேயே நின்றிருந்தால் எனக்கு இக்கோனோமுவையும் தெரிந்திருக்காது. அந்த வீட்டுக்குள் போனதால்தான், 'இவ்வளவு சொத்தை ஒருவன் எளிதாகவா விட்டுக்கொடுத்தான்' என்ற சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம்தான் புத்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

பழைய வீட்டை நான் கோர்ட்டில் நிற்கும் சாட்சி மாதிரி பார்க்கிறேன். சாட்சி தனக்குச் சாதகமாகத்தான் பேசும். அதற்காகச் சாட்சியைக் கூப்பிடாமல் இருப்போமா? கூப்பிட்டு, குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். 'ஐயா, மேசை நன்றாக இருக்கிறது, துடைத்தது யார்? உடையில் இவ்வளவு பூவேலை, தைத்த பெண்ணுக்குக் கண் எத்தனை வயதில் மங்கியது? இந்தப் பாறைத் தீவில் குளிக்கத் தண்ணீர் யார் தலையில் ஏறி மேலே வந்தது?' இதை எல்லாம் கேட்காமல் "ஆஹா, அந்தக் காலத்திலேயே!" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். நம் ஆட்கள் எந்த அரண்மனைக்குப் போனாலும் வாயில் வருவது இந்த ஒரே வாக்கியம்தான். அந்தக் காலத்திலேயே எவ்வளவு பெரிய தூண், அந்தக் காலத்திலேயே எவ்வளவு பெரிய கட்டில். அந்தக் காலத்திலேயே அந்தத் தூணைத் தூக்கியவன் முதுகும் இருந்தது, அதை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றும் அந்தத் தீவில் பார்த்தேன். பழைய மாளிகைகளைப் பூட்டி வைத்துப் பாழாக்காமல் வேலை வாங்குகிறார்கள். ஒரு மாளிகை ஏதென்ஸ் நுண்கலைப் பள்ளியின் கிளை, ஓவியம் படிக்கும் மாணவர்கள் வந்து தங்கி வரைகிறார்கள். இன்னொன்று வணிகக் கப்பல் பயிற்சிக் கல்லூரி. கப்பல் முதலாளி வீட்டில் இன்றைக்குக் கப்பலோட்டப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பக்கத்துத் தீவான ஸ்பெட்செஸில் புபுலினா என்ற பெண் கப்பல் தலைவியின் மாளிகையை அவர் வம்சத்தாரே அருங்காட்சியகமாக நடத்துகிறார்கள் என்று சொன்னார்கள். நேரமில்லை, போக முடியவில்லை. சொந்தப் பணத்தில் போர்க்கப்பல் கட்டிய பெண் அவர். ஹைட்ராவில் இன்றைக்கு இருப்பது சுமார் 2000 பேர். அவ்வளவு சின்ன ஊர் தன் பழைய வீடுகளை இப்படி வைத்திருக்கிறது. சொத்துப் பிரிப்பதற்காகத் தாத்தா வீட்டின் தேக்கு உத்திரத்தை விறகு விலைக்கு எடை போட்ட உறவினர்களுக்கு இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நீங்களும் படிக்கிறீர்கள் என்று தெரியும்.

சரி. இனி அந்த ஆசிரியைப் பெண்ணுக்கு.

மாளிகையின் மேல்தளத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்திருந்தது. பன்னிரண்டு பதிமூன்று பிள்ளைகள், ஒரு டீச்சர். நம் ஐந்தாம் வகுப்பு வயது. பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு தாளும் பென்சிலும். யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஒருத்தி அலமாரி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு தோட்டை வரைந்துகொண்டிருந்தாள். ஒரு பையன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தரையையே வரைந்துகொண்டிருந்தான். எனக்குக் கை துறுதுறு என்றது. "ஏய், எந்திரி, சட்டை அழுக்காகும்" என்று தமிழில் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடப் பழக்கம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த டீச்சரிடம் என் மகள் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தாள். என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். ஆளுக்கு ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். வரைய வேண்டும். அது எங்கிருந்து வந்திருக்கும், யார் கையில் இருந்திருக்கும் என்று பள்ளிக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். "மற்ற பொருள்களை எல்லாம் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன். "ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றதைப் பார்க்க அவர்களே இன்னொரு நாள் வருவார்கள்" என்றார் அந்த டீச்சர். நான் ஆசிரியப் பயிற்சியில் இரண்டு வருடம் படித்தேன். பாடத்திட்டம், கற்பித்தல் துணைக்கருவி, நோக்கம், மதிப்பீடு என்று நோட்டு நோட்டாக எழுதினேன். இந்த ஒரு வாக்கியம் அதில் எங்கேயும் இல்லை, அல்லது இருந்தும் எனக்குப் படவில்லை.

அங்கே நின்றபோது எனக்கு 1994 ஞாபகம் வந்தது.

எட்டாம் வகுப்பு. ஒரே பஸ்ஸில் ஐம்பத்திரண்டு பேர். பத்மநாபபுரம் அரண்மனை. செருப்பைக் கழற்றி வைக்கச் சொல்லி, இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்க வைத்து, "பேசக் கூடாது, தொடக் கூடாது, ஓடக் கூடாது, முன்னால நிக்கிறவ முதுகைப் பாத்து நட" என்றேன். நீங்களும் முதுகைப் பார்த்தே நடந்தீர்கள். முதுகைப் பார்க்கவா உங்களைப் பஸ் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்? போர்டில் எழுதியிருந்ததை எல்லாம் நோட்டில் எழுதச் சொன்னேன். வந்து பரீட்சை வைத்தேன். போரடிக்காமல் என்ன செய்யும்?

அங்கே ஊட்டுப்புரை என்று இரண்டு தளத்தில் நீளமான சாப்பாட்டுக் கூடம் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள். நானும் சொன்னேன். வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், இத்தன பேருக்கும் சமைச்சவங்க எங்க டீச்சர் படுத்தாங்க?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா? "இது பரீட்சையில வருமா? வராதுல்ல. வந்த வேலையைப் பாரு" என்றேன். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிறகு அந்த வருடம் முழுக்க அவள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்கு அடுத்த வருடம் பள்ளிக்கே வரவில்லை. வீட்டில் பீடி சுற்ற உட்கார்த்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என் ஒரு வார்த்தையால்தான் நின்றாள் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் படிப்பை விட மாட்டேன் என்று அடம்பிடிக்க ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு பிடிப்பு வேண்டுமே. அவளுக்கு இருந்த பிடிப்பு அந்த மாதிரிக் கேள்விகள்தான். அதை நான் வாங்கிக் குப்பையில் போட்டேன்.

முப்பது வருடம் கழித்து, கடல் தாண்டி, ஒரு கப்பல் முதலாளியின் விருந்து அறையில் நின்றுகொண்டு நான் என்ன யோசித்தேன் தெரியுமா? 'இவ்வளவு பேருக்கும் சமைத்தவர்கள் எங்கே படுத்திருப்பார்கள்?' அவள் கேள்வி. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் மாலுமிகளிடம் போனேன், இக்கோனோமுவிடம் போனேன். அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை எனக்கு வரலாறு சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நான் அவளுக்கு மதிப்பெண் போடாமல் விட்டுவிட்டேன்.

ஆகவே, மகளே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். போரடித்தது அரண்மனையால் இல்லை. உங்கள் டீச்சரால். ஒரு சமையல்காரி சாம்பாரைக் கெடுத்தால் சாம்பாரே வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? நான் கெடுத்ததைக் காரணம் காட்டி அடுத்த தலைமுறைக்கு அந்த இலையையே எடுத்துவிடாதே. தண்ணீர்ப் பூங்காவுக்குப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு போய்க்கொள்வார்கள், போகட்டும், நனையட்டும், நான் எதிரி இல்லை. ஆனால் அரண்மனைக்கு அப்பா அம்மா கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். பீடி சுற்றுகிற வீட்டிலிருந்தும், கொத்தனார் வேலை பார்க்கிற வீட்டிலிருந்தும் வரும் பிள்ளைக்கு, இந்தத் தூண் யார் முதுகில் வந்தது என்று கேட்கும் உரிமை மற்றவர்களை விட அதிகம். அந்தப் பிள்ளையை அங்கே கொண்டுபோய் நிறுத்த பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு ஆள் இல்லை.

கூட்டிக்கொண்டு போ. ஆனால் நான் கூட்டிக்கொண்டு போன மாதிரி போகாதே. போர்டைப் பார்த்து எழுதச் சொல்லாதே. ஆளுக்கு ஒரு பொருள் போதும். தரையில் உட்காரட்டும். பொருளைத் தொடக் கூடாது என்று மட்டும் சொல், ஏன் என்றும் சொல். வீட்டுக்கு வந்து பரீட்சை வைக்காதே. திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று கேள்வி கேள்: இந்த வீட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது? இங்கே வேலை செய்தது யார்? படத்தில் இல்லாதவர் யார்? பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல், சேர்ந்து தேடுங்கள். எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை. டீச்சருக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே பாதிக் கேள்விகளை அடக்கியிருக்கிறேன்.

தலைமையாசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்தப் பதிவைக் காட்டு. ஓய்வு பெற்ற கிழவி ஒருத்தி சண்டைக்கு வருகிறாள் என்று சொல். திங்கட்கிழமை அரண்மனை விடுமுறை, அதை மட்டும் பார்த்து நாள் குறி.

அண்ணன் மகனுக்கு: ஆமாம்ப்பா, பழைய வீட்டைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். பக்கத்தில் இருந்ததைப் பார்க்கத் தெரியாமல் பார்த்துவிட்டு வந்ததால், தூரமாய் ஒன்றைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. நீ உன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை வா. பத்மநாபபுரத்துக்கே போவோம். பஸ் செலவு என்னுடையது.

1994 எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் யாராவது அந்தப் பெண்ணோடு பேச்சு வைத்திருந்தால் தயவுசெய்து எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அவள் பெயரை இங்கே போட விரும்பவில்லை. உங்களுக்குத் தெரியும், நீங்களும் சிரித்தவர்கள்தானே. அவளிடம் நேரில் போய், 'உன் கேள்வி சரி, நான்தான் தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டு விலாசம் கொடுத்தால் போதும். படி இருந்தாலும் ஏறிவிடுவேன்.

என்றும் உங்கள்
டீச்சர்